நிற்கும் நீரும் ஓடும் நீரும்

கலவான பகுதியில் வாழ்பவருக்கு மழை ஒரு செய்தியன்று. சிங்கராஜ வனத்தின் அயலிலுள்ள எமது மலைச்சரிவுகளில் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. பாடசாலைக் கூரைத் தகரத்தில் அது விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டே நாம் பாடம் நடத்துகின்றோம். ஓசை மிகும்போது மாணவரை எழுதச் சொல்லிவிட்டுக் காத்திருக்கின்றோம். 2003 ஆம் ஆண்டு மே மாதத்திலும், 2017 ஆம் ஆண்டு மே மாதத்திலும் வெள்ளமும் மண்சரிவும் இந்த இரத்தினபுரி மாவட்டத்தில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயின. இத்தகைய ஊரில், தண்ணீர் கிடையாமல் ஒரு லயம் எரிந்துபோயிற்று என்று எவரேனும் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கண்ணாற் கண்டிராவிடின் நாமும் நம்பியிருக்கமாட்டோம்.

நாம் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். பௌதிகத்தோடு எமக்கிருந்த உறவு பள்ளிப் பருவத்தோடு முடிந்துபோனது. ஆயினும் நீரின் அழுத்தத்தைப் பற்றி இங்கே எழுதத் துணிகின்றோம். அன்றிரவு ஒரு தீயணைப்பு வண்டியின் பக்கத்தில் நின்று கற்ற பாடம், பல்கலைக்கழகத்தில் நாம் கற்றவற்றுள் எதற்கும் குறைந்ததன்று என்பதே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மாசி மாதம். பதினைந்து நாட்களாக மழை விட்டிருந்தது. விடுமுறைக்கு நாம் பெற்றோரிடம், பிறந்த தோட்டத்துக்குச் சென்றிருந்தோம். இரவு பத்து மணியளவில் அடுத்த லயத்திலிருந்து கூக்குரல் எழுந்தது. அடுப்புக்கு மேலே பரணில் உலரவைத்த விறகில் தீப்பற்றியிருந்தது.

லயத்தின் அமைப்பை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். முன்பக்கம் ஆறு, பின்பக்கம் ஆறாக, முதுகோடு முதுகு ஒட்டிய பன்னிரண்டு காம்பராக்கள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அவற்றைப் பிரிக்கும் சுவர்கள் கூரைவரை எழும்புவதில்லை. ஆளுயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். அதற்கு மேலே ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரே வெளி. அதிலே பழைய மரச் சலாகைகளும், நூறாண்டுப் புகைக்கரியும். ஒரு வீட்டின் தும்மல் மறுவீட்டில் கேட்கும் என்று எமது தாயார் சொல்வார். தீயும் அவ்வழியேதான் நடந்தது. கதவுகளின் வழியாக அது வரவில்லை. கூரையின் கீழே, மனிதர் தலைக்கு மேலே ஓடி, காம்பராவுக்குக் காம்பரா இறங்கிற்று.

லயத்து முற்றத்தில் ஒரு குழாய் உண்டு. மலைமேலுள்ள தாங்கியிலிருந்து ஓர் அங்குலக் குழாய் வழியே அதற்கு நீர் வருகின்றது. எவரோ அதைத் திறந்து வாளியைப் பிடித்தார். வாளி நிறையுமுன் ஒரு காம்பராவின் கதவு எரிந்து முடிந்தது. பிறகு எவரும் குழாயை நம்பவில்லை. கீழே பீலிக்கு ஓடினர். பீலியிலிருந்து லயம்வரை ஆண்களும் பெண்களும் சிறுவரும் வரிசையாய் நின்று வாளிகளையும் குடங்களையும் கைமாற்றினர்.

அப்போது தெருப்பக்கமிருந்து பந்த வெளிச்சத்தோடு ஒரு கூட்டம் ஏறி வந்தது. வரிசையில் நின்ற முதியவர் சிலர் கைகள் ஓய்ந்து நின்றுவிட்டனர். 1977 இலும் 1981 இலும் 1983 இலும் சப்பிரகமுவத் தோட்டங்களில் இரவிலே வெளிச்சத்தோடு ஏறி வந்த கூட்டங்கள் எதற்காக வந்தன என்பதை அவர்களின் உடம்பு மறக்கவில்லை. ஆனால் வந்தவர்களின் கையில் இருந்தவை வாளிகள். அயற் கிராமத்துச் சிங்களவர் அவர்கள். எம்மவரைப் போலவே சிறு தேயிலைத் தோட்டமும் இறப்பர் வெட்டும் நம்பி வாழ்பவர். ஒன்றும் பேசாமல் வரிசையில் நுழைந்து நின்றனர். கம்யூனிஸ்ட் கட்சியின் சரத் முத்தெட்டுவேகமவை 1970 இலும், மீண்டும் 1981 ஆம் ஆண்டு இடைத்தேர்தலிலும் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இந்தக் கலவான என்பதை நாம் மாணவருக்கு அடிக்கடி சொல்வதுண்டு. அன்றிரவு அதைச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

தீயணைப்பு வண்டி ஒன்றேகால் மணிநேரம் கழித்து நகரத்திலிருந்து வந்து சேர்ந்தது. மலைப்பாதையின் வளைவுகளை அறிந்தவர் எவரும் அந்தச் சாரதியைக் குறைகூறமாட்டார். வண்டியின் தாங்கியில் 2000 லீற்றர் நீர். இரண்டு குழல்களைத் திறந்தனர். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 லீற்றரை வீசும். கணக்கு எளிது. மூன்று நிமிடங்களுக்குள் தாங்கி வற்றிற்று. தீ சற்றே பின்வாங்கி, மீண்டும் எழுந்தது.

தேயிலைத் தொழிற்சாலையின் வாசலில் சிவப்பு வர்ணம் பூசிய ஒரு குழாய்முனை உண்டு. நகரத் தெருக்களில் ஹைட்ரன்ட் என்று வழங்கப்படுவது அதுதான். தொழிற்சாலையைக் காப்பதற்காக, காப்புறுதியின் பொருட்டு இடப்பட்டது. மலைமேலுள்ள பெரிய தாங்கியிலிருந்து இரண்டரை அங்குலக் குழாய் அதற்கு வருகின்றது. லயத்துக்கு அருகே அத்தகைய முனை எதுவுமில்லை. வண்டியைத் தொழிற்சாலை வாசலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து லயம்வரை குழல்களை நீட்டினர்.

பம்பியை இயக்கியவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சிங்களவர். இளமையில் கொழும்பிலே பணியாற்றியபோது தமிழ் பேசப் பழகியவர். எம்மை ஆசிரியர் என்று எவரோ சொல்ல, அவர் எம்மைச் “சேர்” என்றார். நாம் அவரை “அய்யே” என்றோம். கைவிளக்கைப் பிடித்து நிற்கும் வேலை எமக்குக் கிடைத்தது. ஆகவே அவர் செய்தவை அனைத்தையும் அருகிருந்து கண்டோம்.

முதலில் குழாய்முனையைச் சிறிது திறந்து நீரை வெறுமனே ஓடவிட்டார். துருவும் மணலும் கலந்த செந்நீர் கொட்டிற்று. தெளிந்தபின் மூடி, குழலை மாட்டி, மீண்டும் மெல்ல மெல்லத் திறந்தார். “கெதியாத் திறங்க!” என்று பின்னாலிருந்து பலர் கத்தினர். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ஓடும் நீரைத் திடீரென்று தடுத்தாலும், திடீரென்று விடுத்தாலும் அது சம்மட்டிபோல் குழாயை அடிக்கும். பழங்குழாய் வெடித்துவிட்டால் பிறகு ஒரு துளியும் கிடையாது என்பதைப் பின்னர் சொன்னார்.

பம்பியின் முகத்திலே பல அழுத்தமானிகள். வெளியே செல்லும் நீரின் அழுத்தத்தைக் காட்டுவனவற்றைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோ உள்ளே வரும் நீரைக் காட்டும் மானியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழல்கள் மூடியிருந்தபோது அந்த முள் 5 என்ற இலக்கத்தில் நின்றது. ஒரு குழலைத் திறந்தார். முள் 2 க்கு இறங்கிற்று. அவர் தலையை ஆட்டினார். கூட்டத்தினர் மற்றக் குழலையும் திறக்கச் சொல்லிக் கூச்சலிட்டனர். கூரைமேல் தீ நான்காம் காம்பராவைத் தாண்டிக்கொண்டிருந்தது. மனிதர்தாமே, அவரும் இணங்கினார். இரண்டாங்குழல் திறந்தது. முள் பூச்சியத்துக்குச் சரிந்து, அதற்குங் கீழே போயிற்று. குழாய்முனையிலிருந்து வந்த குழல் பாம்புச் சட்டைபோல் தட்டையாயிற்று. பம்பிக்குள்ளே கூழாங்கற்களைத் தகரத்திலிட்டுக் குலுக்குவது போன்ற ஓசை எழுந்தது. லயத்தடியில் இரண்டு குழல்களும் ஒருங்கே சோர்ந்து, நீர் காலடியில் விழுந்தது.

அவர் உடனே இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, இரண்டாங்குழலை மூடினார். கூட்டம் கொதித்தெழுந்தது. தோட்டத்து இளைஞன் ஒருவன் அவரின் கையைப் பற்ற முயன்றான். நாமும் உள்ளத்தால் அந்த இளைஞனோடுதான் நின்றோம். எரிகின்ற வீட்டின் முன்னே தண்ணீரை மூடுபவனை எப்படிப் பார்ப்பது? அவர் முள்ளைச் சுட்டிக்காட்டி, எம்மிடம் சொன்னார்:

“சேர், தண்ணி இருக்கு. ஆனா வராது. பைப் சின்னது.”

முள் மெல்ல மெல்ல 2 க்கு ஏறிற்று. ஒற்றைக் குழல் மீண்டும் உயிர்பெற்றது.

பிறகு அவர் ஓடை எங்கே என்று கேட்டார். லயத்துக்குக் கீழே ஓடை உண்டு. ஆயினும் மாசி மாதத்து ஓடை, கணுக்கால் நனையும் அளவே. கொழுந்துச் சாக்குகளில் மண்ணை நிரப்பி, குறுக்கே அடுக்கச் சொன்னார். தமிழரும் சிங்களவரும் சேர்ந்து இருபது நிமிடத்தில் அணை கட்டினர். நீர் முழங்காலுக்கு மேல் தேங்கியதும், வண்டியிலிருந்த சிறு பம்பியைச் சுமந்து இறக்கி, அதன் உறிஞ்சு குழலை அந்த மடுவில் அமிழ்த்தினர். அதிலிருந்து இரண்டாங்குழல் எழுந்தது. அதிகாலை இரண்டு மணிக்குத் தீ அடங்கிற்று. பன்னிரண்டில் எட்டுக் காம்பராக்கள் போயின, நான்கு எஞ்சின. உயிர்ச்சேதம் இல்லை.

விடியுமுன் பிரட்டுக் களத்தருகே எல்லோரும் வெறுந்தேநீர் அருந்தினோம். அவரின் கையைப் பற்ற முயன்ற இளைஞனே அவருக்குக் கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தான். அப்போது நாம் கேட்டவற்றையும், பின்னர் நூல்களைப் புரட்டி அறிந்தவற்றையும் சேர்த்து இங்கே சொல்கின்றோம்.

பம்பி நீரை உண்டாக்குவதில்லை. வருகின்ற நீருக்கு விசையைக் கூட்டுவது மட்டுமே அதன் தொழில். தொழிற்சாலையிலிருந்து லயம் பதினைந்து மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. நீரைப் பத்து மீற்றர் உயர்த்த ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் வேண்டும். பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. ஆக, உயரத்துக்கே ஒன்றரைப் பார் போய்விடும். குழலின் உராய்வுக்கும், முனையில் நீர் சீறிப் பாய்வதற்கும் மேலும் வேண்டும். இவற்றையெல்லாம் பம்பி தரும். ஆனால் குழாய் கொடுக்காத நீரைப் பம்பி கொடுக்காது.

தாங்கி தொழிற்சாலைக்கு ஐம்பது மீற்றர் மேலே இருப்பதால், மூடியிருக்கும் குழாயில் அழுத்தம் 5 பார். இதனை நிலை அழுத்தம் என்பர். குழாயின் விட்டம் ஓர் அங்குலமாயினும் ஓரடியாயினும், நீர் நிற்கும்வரை மானி ஒரே இலக்கத்தையே காட்டும். நீர் ஓடத் தொடங்கிய பிறகே குழாயின் குணம் வெளிப்படும். ஓடும் நீர் குழாயின் சுவரோடு உராய்ந்து அழுத்தத்தை இழக்கின்றது. ஓட்டம் இரட்டித்தால் இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். எமது குழாயில் ஒரு குழலுக்கு 3 பார் இழப்பு, எஞ்சியது 2. இரண்டு குழல்களுக்கு இழப்பு ஏறத்தாழ 12 பார் ஆகவேண்டும். மலை கொடுப்பதோ 5. இல்லாததைப் பம்பி வலிந்து இழுத்தது, குழல் தட்டையாயிற்று. நகரத்துப் பெருங்குழாய்களில் இவ்வாறு இழுத்தால், வெடிப்புகளின் வழியே வெளியிலுள்ள அழுக்குநீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படுவதும் உண்டு.

ஓடும்போது எஞ்சி நிற்கும் அழுத்தத்தையே தீயணைப்பாளர் நம்புகின்றனர். முதற்குழலைத் திறந்ததும், நிலை அழுத்தத்திலிருந்து வீழ்ச்சி 10 விழுக்காட்டுக்குள் இருந்தால், அதே அளவான குழல்கள் இன்னும் மூன்றைத் திறக்கலாம். 15 விழுக்காட்டுக்குள் எனின் இரண்டு. 25 விழுக்காட்டுக்குள் எனின் ஒன்று. அதற்கு மேல் வீழ்ந்தால் அதே அளவான இன்னொரு குழலை நம்பலாகாது. இது அமெரிக்கத் தீயணைப்பாளர் கைக்கொள்ளும் விதி. உள்வரும் அழுத்தம் ஏறத்தாழ 1.4 பாருக்குக் கீழே போகவிடலாகாது என்பதும் அவர்களின் வழக்கம். எமது அய்யேயின் முள் 60 விழுக்காடு வீழ்ந்திருந்தது. இரண்டாங்குழலைத் திறக்குமுன்னரே அவர் விடையை அறிந்திருந்தார்.

லயத்து ஓர் அங்குலக் குழாயை எண்ணிப் பார்ப்போம். முந்நூறு மீற்றர் நீளமான பழங்குழாய்; முழுதாய்த் திறந்துவிட்டாலும் நிமிடத்துக்கு நாற்பது லீற்றர் வந்தால் அதிகம். இதே குழாய் இரண்டு அங்குலமாய் இருந்தால் ஏறத்தாழ ஆறு மடங்கு நீர் வரும். மூன்று விநாடிக்கு ஒன்றாகப் பத்து லீற்றர் வாளிகள் கைமாறினால் நிமிடத்துக்கு 200 லீற்றர். அன்றிரவு வரிசையாய் நின்ற எமது மக்கள், தோட்டம் தமக்குத் தந்த குழாயைவிட ஐந்து மடங்கு நீரைத் தம் கைகளாலேயே கொண்டுவந்தனர். நிர்வாகங்கள் மாறின. துரைமார் போயினர், 1975 இல் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992 இல் கம்பனிகளின் கைக்கு மாறின. குழாயின் விட்டம் மட்டும் மாறவில்லை.

இது விதியன்று, மனிதர் செய்த தெரிவு. கொழும்பு நகருக்கு 1886 ஆம் ஆண்டிலேயே லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து மலைநீர் தன் எடையாலேயே ஓடிச் சென்றது. அதே ஆண்டுகளில், அதே ஆட்சியில், மலைச்சரிவுகளிலே லயங்கள் எழுந்தன. மலைநீரைக் குழாயில் இறக்கும் கலை அன்றைய பொறியாளருக்குத் தெரியாததன்று. எவருக்கு எத்தனை அங்குலம் என்பதை அந்தக் கலை தீர்மானிப்பதில்லை.

பிற நாடுகளின் கதையும் இதுவே. இலண்டன் மாநகரம் 1666 இல் எரிந்தபின், காப்புறுதிக் கம்பனிகள் தத்தமக்கெனத் தீயணைப்புப் படைகளை வைத்திருந்தன; காப்புறுதி செய்த வீட்டின் சுவரிலே கம்பனியின் உலோக முத்திரை பதிக்கப்பட்டிருக்கும். 1833 இல் அக்கம்பனிகள் ஒன்றுகூடி ஒரு படையை அமைத்தன. 1861 இல் தூலித் தெருப் பண்டகசாலைகள் எரிந்தபோது தேம்சு நதியில் வற்றம். நெடுநேரம் நீர் கிடைக்கவில்லை. படைத்தலைவர் ஜேம்ஸ் பிறெயிட்வுட் சுவர் சரிந்து மாண்டார். இழப்பைத் தாங்கமாட்டாத கம்பனிகள் கைவிரித்தன. 1866 இல்தான் தீயணைப்பு அந்நகரில் பொதுப்பணியாயிற்று. தனியுடைமையைக் காக்க எழுந்த படை, பொதுமக்களின் படையாக இரண்டு நூற்றாண்டுகள் சென்றன.

செல்வம் மிகுந்த நாட்டிலும் குழாயின் விதி ஒன்றே. 2025 ஆம் ஆண்டு ஜனவரி 7 ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் பலிசேட்ஸ் பகுதியில் காட்டுத்தீ பரவிற்று. அம்மலைப்பகுதிக்கு நீரளித்தவை மூன்று தாங்கிகள். ஒவ்வொன்றிலும் 38 இலட்சம் லீற்றர் அளவில் நீர். பதினைந்து மணிநேரம் வழக்கத்தைப்போல நான்கு மடங்கு நீர் இழுக்கப்பட்டது. தாங்கிகள் மீண்டும் நிரம்புவதற்கு வேண்டிய அழுத்தம் பெருங்குழாயில் எஞ்சவில்லை. மறுநாள் அதிகாலை மூன்று மணிக்குக் கடைசித் தாங்கியும் வற்றிற்று. உயர்ந்த இடத்துக் குழாய்முனைகள் வறண்டன. அருகிலிருந்த பெரிய நீர்த்தேக்கம் ஒன்று திருத்தவேலைக்காக முன்னரே வெறுமையாக்கப்பட்டிருந்தது. அவ்வேளையிலும் செல்வந்தர் சிலர் தனியார் தீயணைப்பு வண்டிகளை அமர்த்தித் தம் உடைமைகளைக் காத்துக்கொண்டனர் என்று செய்திகள் வந்தன. முத்திரை பதித்த சுவர்களின் காலம் முற்றாக மறைந்துவிடவில்லை.

இனி, எரிந்துபோன எட்டுக் காம்பராக்களுக்குத் திரும்புவோம். அவற்றுள் ஒன்று எமது மாணவி ஒருத்தியின் வீடு. அவ்வாண்டு அவள் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்தாள். புத்தகங்கள் போயின, அவற்றை நாம் திரட்டிக் கொடுத்தோம். ஆனால் மறுநாள் அவளின் பாட்டியார் சாம்பலுக்குள் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தது புத்தகத்தையன்று. ஒரு தகரப் பெட்டியை. அதற்குள்ளே பாட்டனாரின் குடியுரிமைப் பத்திரமும், பிறப்புப் பதிவுகளும் இருந்தன.

மலையக மக்களுக்குக் காகிதம் என்றால் என்ன என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எமது முன்னோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மேலும் 150,000 பேரின் பங்கு 1974 இல் முடிவாயிற்று. எஞ்சியோருக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம்தான் குடியுரிமை வழங்கிற்று. இத்தனை ஆண்டுகளும் ஒரு காகிதத்தைக் கறையான் அரிக்காமல், மழை நனைக்காமல் காத்த மூதாட்டி அவர். பெட்டி கிடைத்தது. உள்ளே இருந்தவை தொட்டவுடன் உதிர்ந்தன.

உரிமைகளுக்கும் நிலை அழுத்தம் ஒன்று உண்டு. ஓடும்போது எஞ்சும் அழுத்தம் வேறொன்று உண்டு. அன்றிலிருந்து நாம் அவ்வாறே எண்ணிப் பார்க்கப் பழகிவிட்டோம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது, தோட்டத்து மக்களும் சபைகளுக்கு வாக்களித்தனர். ஆனால் தோட்டத்துக்குள்ளே சபையின் பணத்தைச் செலவிட அச்சட்டத்தின் 33 ஆம் பிரிவு தடையாய் நின்றது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. அத்திருத்தத்துக்காகப் போராடியவர்களை நாம் போற்றுகின்றோம். எனினும் சட்டப் புத்தகத்திலே முள் 5 இல் நிற்பதைக் கண்டு மகிழ்ந்திருத்தல் போதாது. ஓர் ஏழைத் தாய் குழாயைத் திறக்கும்போது, ஒரு லயம் எரியும்போது, முள் எங்கே நிற்கின்றது என்பதே கேள்வி.

தீ நடந்து மூன்று வாரங்களுக்குப் பின், விஞ்ஞான ஆசிரியரின் துணையோடு ஓர் அழுத்தமானியை இரவல் பெற்றோம். மாணவர் பத்துப் பேரோடு லயங்களுக்குச் சென்றோம். குழாயை மூடி அளந்தோம்: 4 பார். ஒரு வாயைத் திறந்து அளந்தோம். இரண்டைத் திறந்து அளந்தோம். மூன்றாவதைத் திறந்தபோது அளப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வீடிழந்த அந்த மாணவியே இலக்கங்களைக் குறிப்பேட்டில் எழுதினாள். அவற்றைக் கொண்டு ஒரு மனு எழுதினோம். தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு பிரதி, பிரதேச சபைக்கு ஒரு பிரதி. தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்ட அம்மனுவில், அன்றிரவு வாளியோடு வந்த கிராமத்தவரும் கையொப்பமிட்டனர். அவர்களின் வீடுகளுக்கும் அருகே குழாய்முனை இல்லை.

நாம் கேட்டவை பெரியவை அல்ல. லயங்களுக்கு இரண்டரை அங்குலக் குழாய். மூன்று லயங்களுக்கு ஒன்றாக ஒரு குழாய்முனை. தாங்கியில் தீக்கென்று ஒதுக்கிய நீர். காம்பராச் சுவர்களைக் கூரைவரை எழுப்புதல். ஓடையிலே ஒரு நிலையான மடு. ஒரு சிறு பம்பியும், அதை இயக்கப் பயின்ற இளைஞர் ஆறு பேரும். தொழிற்சாலைத் தேயிலைக்கு இருக்கும் காப்பு, அத்தேயிலையைக் கொய்யும் கைகளுக்கும் வேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

மடு எழுந்துவிட்டது. எவரின் அனுமதிக்கும் காத்திராமல், நான்கு ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானத்தில் கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டினோம். அன்று பம்பியை இயக்கிய அய்யே ஒரு ஞாயிறு வந்து, உறிஞ்சு குழலின் வாய் எவ்வளவு ஆழத்தில் அமிழவேண்டும், ஆழங் குறைந்தால் சுழி விழுந்து காற்று புகும் என்பதையும், ஏழு மீற்றருக்கு மேல் உயரத்துக்கு எந்தப் பம்பியும் நன்கு உறிஞ்சாது என்பதையும் இளைஞருக்குக் காட்டிச் சென்றார். அவரின் கையைப் பற்ற முயன்ற இளைஞன் முன்வரிசையில் நின்று கேட்டான்.

குழாய் இன்னும் வரவில்லை. எரிந்த லயம் தகரம் போர்த்தி மீண்டும் எழுப்பப்பட்டிருக்கின்றது. சுவர்கள் முன்போலவே பாதியில் நிற்கின்றன. ஆண்டுதோறும் மாசி மாதத்தில், புதிய வகுப்பு மாணவரை அழைத்துச் சென்று முள்ளைப் பார்க்கின்றோம். இலக்கங்கள் அதே குறிப்பேட்டில் ஒன்றின்கீழ் ஒன்றாக ஏறிவருகின்றன. பாட்டியாரின் பத்திரங்களுக்குப் பிரதி பெற அந்த மாணவி கச்சேரிக்கு எட்டு முறை நடந்தாள். இப்போது அவை வேறொரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவருக்கும் எமது வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் ஊர்க் குழாயையும் ஒருநாள் அளந்து பாருங்கள். மூடியிருக்கும்போது முள் காட்டுவதை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். திறந்துவிட்டு, நீர் ஓடும்போது எழுதுங்கள்.